காத்திருப்பே இல்லாத கதவு

முதலாளி மகனுக்கு அம்மை போட்டதால்தான் நான் உலகத் தலைவி ஆனேன். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. முதலாளி மகனுக்கும் இல்லை.

நான் வேலை பார்ப்பது கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனியில். முட்டை உள்ளே போகும், குஞ்சு வெளியே வரும், அதைத் துளை போட்ட அட்டைப்பெட்டிகளில் அடுக்கி லாரியில் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. எங்கள் சரக்கில் பாதி எல்லைக் கதவைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போகிறது. 'எல்லை தாண்டித் தொழில் செய்யும் நிறுவனங்கள் ஆளுக்கொரு இளைஞரை அனுப்பலாம்' என்று பன்னாட்டு விவகார இளந்தலைவர் நிலையம் ஒரு வருஷம் அறிவித்தது. முதலாளி தன் மகன் பெயரைக் கொடுத்தார். கிளம்புகிற அன்று பையன் உடம்பெல்லாம் கொப்புளம். கட்டிய கட்டணம் வீணாகக் கூடாது என்று என்னை அனுப்பிவிட்டார்.

பத்து நாள் பயிற்சி. எப்படிக் கை குலுக்குவது, அடுத்தவர் பேசும்போது எத்தனை தடவை தலையாட்டுவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியைப் பாராட்டுவது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி நாள் நீங்கள் எல்லோரும் தலைவர்கள் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து ஊருக்கு வந்து, மறுநாள் காலையிலிருந்து பெட்டி அடுக்க ஆரம்பித்தேன்.

அத்தோடு விட்டார்களா? மாதாமாதம் 'சாதனைச் சுடர்' என்று ஒரு பத்திரிகை வீட்டுக்கு வரும். எங்களுக்கு முன்னும் பின்னும் படித்தவர்கள் உலக அரங்கில் என்னென்ன சாதித்தார்கள் என்று வழவழப்பான தாளில் போட்டிருப்பார்கள். ஒருவர் தலைமைப் பயிற்சிக்குத் தேர்வானவர்களைத் தேர்வு செய்யும் குழுவுக்குத் தேர்வானார். இன்னொருவர் மூன்று விமான நிலையங்களில் காத்திருந்த நேரத்தில் அமைதியைப் பற்றிச் சிந்தித்தார். வேறொரு அம்மாள் தண்ணீர்ப் பங்கீடு குறித்த மாநாட்டில் வரவேற்புரையும் நன்றியுரையும் தாமே நிகழ்த்தினார். நடுவில் யாராவது பேசினார்களா என்று போடவில்லை.

பத்திரிகை வந்த வாரமே நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்வாள்.

"மேடம், இந்த மாசம் உங்க சாதனை என்னங்க?"

"குஞ்சு அனுப்பினேன்மா. எல்லாம் உயிரோட போய்ச் சேர்ந்துச்சு."

"அது வேலை மேடம். சாதனை சொல்லுங்க."

"அப்படி ஒண்ணும் இல்லைம்மா."

"சரிங்க மேடம், அடுத்த மாசம் கேக்கறேன்" என்று பரிதாபப்பட்டு வைத்துவிடுவாள். பாவம், நல்ல பெண்.

கோழிக்குஞ்சைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பொரிந்து வந்த குஞ்சுக்கு உடனே தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டுதான் அது உலகத்துக்கே வரும். அதை வைத்து இரண்டு நாள் ஓட்டிவிடும். ஆனால் காற்று வேண்டும். லாரி ஓடினால் பெட்டித் துளை வழியாகக் காற்று போகும். நின்றால் புழுக்கம், புழுங்கினால் செத்துவிடும். பழைய டிரைவர் ஒரு தடவை வழியில் சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டார். லாரி போய்ச் சேர்ந்தபோது பாதிப் பெட்டிகளில் சத்தமே இல்லை. முதலாளி அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் தம்பியை வேலைக்கு வைத்தார்.

என் தம்பி எந்த வேலையிலும் நிலைக்காதவன். இதில் மட்டும் நிலைத்துவிட்டான். கேட்டால், "ஏத்துன சரக்கு வழி பூரா பேசிக்கிட்டே வருது அக்கா, தூக்கமே வரமாட்டேங்குது" என்பான். வேலை நிலைத்ததை நம்பித்தான் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள். அவன் மனைவிக்கு இப்போது நிறைமாதம்.

ஒருநாள் விடிகாலை குஞ்சு ஏற்றிக்கொண்டு போனவன், மத்தியானம் எல்லையிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, கேட் பூட்டியிருக்கு."

"எப்ப திறப்பாங்களாம்?"

"பெரிய ஆபீசர் வந்தாத்தானாம். சாவியைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டாராம்."

"எங்க போயிருக்காரு?"

"வெளியூராம். எந்த வெளியூர்னு காவல்காரருக்குத் தெரியலை."

"அப்ப திரும்பி வந்துடு."

"சரக்குக்கு சீல் வச்சாச்சே. திரும்பி வரவும் அதே ஆபீசர் கையெழுத்துப் போடணுமாம்."

"இப்ப என்னதான் பண்ற?"

"ஓட்டிக்கிட்டே இருக்கேன். கேட்டுலேர்ந்து பெட்ரோல் பங்க், பெட்ரோல் பங்க்லேர்ந்து கேட். நின்னா செத்துடுமே."

இரவெல்லாம் அப்படியே ஓட்டியிருக்கிறான். மறுநாள் காலையிலும் கதவு திறக்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"உன்கூடப் படிச்சவங்கல்லாம் உலகத்தையே பார்த்துக்கறதா மாசாமாசம் புஸ்தகம் வருதே, ஒரு கேட்டைத் திறக்க ஆள் இல்லையா அதுல?"

"தெரியலைங்க."

"இன்னைக்கு அவங்க கூட்டம்னு அழைப்பு வந்துச்சுல்ல? போ. யாரையாவது பிடி. சாயங்காலத்துக்குள்ள லாரி தாண்டலைன்னா, உன் தம்பியும் பழைய டிரைவரும் ஒண்ணா உக்காந்து கதை பேசிக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்காவது அந்த அதிகாரியைத் தெரியாமலா போகும்? ஒரே ஒரு போன் போதும். இந்த நம்பிக்கையோடு நான் கூட்டம் நடக்கிற ஓட்டல் வாசலில் போய் இறங்கினேன்.

வாசலில் பெயர் அட்டை கொடுக்கும் மேசையில் அந்த போன் பெண் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்.

"மேடம், உங்க சாதனை?"

"நான்தாம்மா அந்தக் கோழிக்குஞ்சு."

"அய்யோ, நீங்களா! ஆனா சாதனைங்கற இடம் காலியா இருந்தா அட்டை வராதே மேடம். மெஷின் ஒத்துக்காது. அட்டை இல்லாம உள்ளேயும் விடமாட்டாங்க."

"என் தம்பி எல்லைக் கேட்ல மாட்டிக்கிட்டு நிக்கிறான், அதுக்குத்தான்மா வந்தேன்."

அவள் முகம் மலர்ந்தது. படபடவென்று எதையோ தட்டினாள். அட்டை வந்தது. என் பெயருக்குக் கீழே 'எல்லைப் பிரச்சினையில் நேரடி ஈடுபாடு' என்று போட்டிருந்தது.

அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனதுதான் தாமதம், ஈ மொய்ப்பது போல் மொய்த்துவிட்டார்கள். முதலில் வந்தவர் ஆறு நாட்டுக்காரர். அவர் எதைச் சொன்னாலும் "நான் ஆறு நாட்டுல பார்த்துட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் பயிற்சியின்போதே நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தலையில் முடி போய்விட்டது. ஆனால் அட்டையில் இன்னும் இளந்தலைவர்தான். தம்பி நிற்கிற கதையை அவரிடம் முழுக்கச் சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டார். சொல்லிக் கொடுத்த அளவுக்குத் தலையாட்டினார்.

"அருமையான கேள்வி" என்றார்.

"நான் கேள்வி கேக்கலைங்க. அந்த ஆபீசரைத் தெரிஞ்சவங்க யாராவது ஒரு போன் போட்டா—"

"நான் ஆறு நாட்டுல பார்த்துட்டேன். போன் போட்டா ஒரு கதவுதான் திறக்கும். நாம எல்லாக் கதவையும் பத்தி யோசிக்கணும். உடனே ஒரு வட்டமேசை போடறோம்!"

வட்டமேசை போட்டாகவேண்டும் என்று முடிவானது. ஆனால் அந்த ஓட்டலில் வட்டமான மேசையே இல்லை. எல்லாம் நீள மேசை. நீள மேசையில் உட்கார்ந்தால் தலைமாட்டில் ஒருவர் உட்கார வேண்டி வரும், அது சமத்துவத்துக்கு விரோதம் என்று ஒரு கட்சி. நிற்கிற லாரிக்கு எந்த மேசையாக இருந்தால் என்ன என்று ஒரு கட்சி. அந்தக் கட்சியில் நான் மட்டும் இருந்தேன். கடைசியில் நீள மேசைகளைத் தூக்கி மாற்றி மாற்றிப் போட்டு எட்டு மூலையோடு ஒன்றைச் செய்தார்கள். இது வட்டத்தை நோக்கிய பயணம் என்று ஆறு நாட்டுக்காரர் விளக்கம் சொன்னார். இதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

எனக்குப் பக்கத்தில் கைக்குட்டைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் மடிப்புக் கலையாத பட்டுக் கைக்குட்டை. அவர் உட்காரும்போதும் எழும்போதும் கால்சட்டைப் பைக்குள் ஏதோ சலசலத்தது. அன்று காலை 'பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது எப்படி' என்று வகுப்பெடுத்தவர் அவர்தான் என்று சொன்னார்கள். நல்ல மனிதராகத் தெரிந்தார். "கவலைப்படாதீங்க மேடம், நாங்க இருக்கோம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் இது பிரச்சினையா, சவாலா, வாய்ப்பா என்று விவாதித்தார்கள். வாய்ப்பு என்று முடிவானது. பிறகு ஒரு அம்மாள் எழுந்தார். வரவேற்புரையும் நன்றியுரையும் தாமே நிகழ்த்தியவர் இவர்தான்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கோழிக்குஞ்சுகளைப் பத்திப் பேசறோம். ஆனா இந்த மேசையில கோழிக்குஞ்சுகளோட குரல் எங்க?"

எல்லோரும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தேன்.

"பெட்டிக்குப் பக்கத்துல போனைப் பிடிடா."

கீச்கீச்சென்று அறை முழுக்கச் சத்தம். கைக்குட்டைக்காரர் பட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நிறுத்துவார்கள் என்று பார்த்தால் நிறுத்தவில்லை.

"அக்கா, யாரு கை தட்டறது?"

"தலைவருங்கடா."

"எதுக்கு?"

எனக்கும் தெரியவில்லை. "நீ வண்டியை நிறுத்தாதே" என்றேன்.

"நிறுத்தித்தானே போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்! வைக்கவா?"

அதன்பிறகு தீர்மானம் எழுதினார்கள். எழுதியவர் கைக்குட்டைக்காரர். 'சம்பந்தப்பட்ட அதிகாரி எவராயினும், உடனடியாகக் கதவைத் திறக்க வேண்டும் என இவ்வட்டமேசை வன்மையாகக் கேட்டுக்கொள்கிறது.' 'வன்மையாக' வேண்டாம், 'பணிவன்புடன்' என்று போடலாம் என்று சிலர் சொன்னார்கள். கைக்குட்டைக்காரர் விடவில்லை. மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"உயிரோட விளையாடறாங்க சார்! இப்படிப்பட்ட அதிகாரிங்களைச் சும்மா விடக் கூடாது. வன்மையாகத்தான்!"

முதல் கையெழுத்தையும் அவரே போட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"இதை அவர்கிட்ட எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"தபால்ல போகும்" என்றார் ஆறு நாட்டுக்காரர்.

சாப்பாட்டு வேளையில் தம்பி மறுபடி கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, இங்க ஏதோ போட்டோ எடுக்கறாங்களாம். லாரியெல்லாம் வளைவுக்கு அந்தாண்ட கொண்டு போய் நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஓட்டவும் கூடாதாம், தூசு கிளம்புதாம். நான் அட்டையை வச்சு விசிறிக்கிட்டு இருக்கேன். பின்னாடி அடுக்குல சத்தம் குறைஞ்சுபோச்சு அக்கா."

"யாருடா போட்டோ எடுக்கறது?"

"தெரியலை. அவ கேட்டா சொல்லாத அக்கா. நான் தாண்டிட்டேன்னு சொல்லிவை."

அவ என்றது அவன் மனைவியை. நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு விருது விழா. நிலையத்தின் இயக்குநர் அம்மா மேடைக்கு வந்தார். அவர் பேசினால் அறையில் விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரிகிற மாதிரி இருக்கும், அப்படி ஒரு குரல்.

"நம் முன்னாள் இளந்தலைவர்கள் கால் வைக்காத நாடு இல்லை. அமர்ந்து பேசாத விஷயம் இல்லை. சென்ற ஆண்டு நம்மவர்கள் நாற்பது போர்களைப் பற்றிக் கவலை தெரிவித்தார்கள். அதில் சில போர்கள் பிறகு தாமாகவே முடிந்தன. 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். செய்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். செய்தவர்களைப் பாராட்ட ஆள் வேண்டாமா? அந்தப் பாராட்டைப் பெற்றுக்கொள்ள ஆள் வேண்டாமா? அந்த ஆட்களைத்தான் நாம் உருவாக்குகிறோம்!"

கை தட்டினார்கள். 'ஆண்டின் சிறந்த எல்லைத் தலைவர்' விருது அறிவிக்கப்பட்டது. ஒரு எல்லைக் கதவில் லாரிகள் காத்திருக்கும் நேரத்தை ஒன்றுமே இல்லாமல் செய்து காட்டியவருக்காம். திரையில் படம் விழுந்தது. அன்று மத்தியானம்தான் எடுத்த படம் என்றார்கள். சுத்தமாகப் பெருக்கிய சாலை. வர்ணம் அடித்த இரும்புக் கதவு. ஒரு லாரி இல்லை. காவல்காரர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். "எப்பேர்ப்பட்ட அமைதி!" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

படத்தின் ஓரத்தில், வளைவுக்கு அப்பால், ஒரு லாரியின் பின்பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. அதில் மஞ்சளாக ஒரு கோழிக்குஞ்சு வரைந்திருந்தது. எங்கள் கம்பெனி குஞ்சு.

விருது வாங்க மேடையேறிய கைக்குட்டைக்காரர் நடந்தபோது பைக்குள் சலசலத்தது.

நான் எப்படி எழுந்தேன், எப்படி அந்தப் படிக்கட்டுக்கு ஓடினேன் என்று தெரியாது. அவர் கோப்பையோடு இறங்கி வரும்போது வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, அந்த கேட் உங்களோடதா?"

"ஆமா மேடம், நம்ம கேட்தான்" என்று சிரித்தார்.

"அப்ப காலைல அவ்வளவு நேரம் என் பக்கத்துல உக்காந்து பேசினீங்களே! கண்ணைத் துடைச்சீங்களே!"

"அங்க நான் முன்னாள் இளந்தலைவரா உக்காந்திருந்தேன் மேடம். அதிகாரியா உக்காரலை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

"இப்ப அதிகாரியா ஒரு போன் போடுங்க."

"இப்ப விருது வாங்கினவரா நிக்கிறேனே. தீர்மானம் தபால்ல வரும். ஆபீசுக்குப் போனதும் பிரிச்சுப் பார்ப்பேன். ரொம்ப வன்மையா எழுதியிருக்கோம், கண்டிப்பா கவனிச்சுத்தான் ஆகணும்."

"கேட்டைப் பூட்டிட்டு வந்து, காத்திருப்பே இல்லைன்னு விருது வாங்கறீங்களே, இது நியாயமா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"கதவு திறந்த நேரத்துலேர்ந்துதான் காத்திருப்பைக் கணக்குப் போடணும், அதுதான் விதி. திறக்காத கதவு முன்னாடி நிக்கிறது காத்திருப்பு இல்லை மேடம். அது சும்மா நிக்கிறது. முன்னெல்லாம் சாவியைக் காவல்காரர்கிட்ட விட்டுட்டு வருவேன். அந்த ஆள் பாட்டுக்குத் திறந்து விட்டுடுவார், காத்திருப்பு ஏறிடும். இப்ப எங்க போனாலும் கையோட எடுத்துட்டு வந்துடறேன்."

என்று சொல்லிக் கால்சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

நாங்கள் பேசியதை இயக்குநர் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்கள் பளபளக்க ஓடி வந்தார்.

"என்ன அற்புதம்! கதவைப் பூட்டினவரும் நம்ம ஆளு. பூட்டின கதவு முன்னாடி நிக்கிறவரோட அக்காவும் நம்ம ஆளு. இதைவிட வேற என்ன சாதனை வேணும்? இப்பவே மேடையில வச்சு சாவியைக் கையில குடுத்துடுவோம்!"

எனக்கு உயிர் வந்தது. கைக்குட்டைக்காரரும் மறுக்கவில்லை. மேடையில் வைத்துக் கொடுப்பதென்றால் அவர் எதையும் கொடுப்பார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். புகைப்படக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது படத்துல விழாதுங்க. ரொம்பச் சின்னது. துருவேறி வேற இருக்கு."

உடனே மேடை அலங்காரம் செய்தவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் அட்டையை வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டி, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சாவி செய்தார்கள். ஒட்டினது காயும்வரை ஆறு நாட்டுக்காரர் திறந்த மனதைப் பற்றிப் பேசினார். நான் மேடையோரம் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காய்ந்தது. கைக்குட்டைக்காரர் அதை எனக்குக் கொடுத்தார், நான் வாங்கினேன். கதவு திறந்துவிட்டதாக இயக்குநர் அம்மா அறிவித்தார். தரை அதிரக் கை தட்டினார்கள். நிஜச் சாவி அவர் பைக்கே திரும்பிப் போய்விட்டது.

"ஐயா, நிஜ சாவி" என்றேன். யார் காதிலும் விழவில்லை. எல்லோரும் குழுப் படத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த வரிசை என்று தள்ளுமுள்ளு. அட்டைச் சாவியோடு நான் கீழேயே நின்றுவிட்டேன். எனக்கு அங்கே இடம் இல்லை. கைக்குட்டைக்காரர் மட்டும் நடு வரிசையில் நடு இடத்தில் கம்பீரமாக நின்றார். புகைப்படக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், உங்க பாக்கெட் துருத்திக்கிட்டுத் தெரியுது. இடிக்குது. அதுல இருக்கறதை எடுத்துடுங்க. அந்தப் பெரிய சாவியைக் கையில பிடிச்சுக்கங்க, நல்லா இருக்கும்."

கைக்குட்டைக்காரர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் படத்துக்குள் இருந்தார்கள். வெளியே நின்றது நான் ஒருத்திதான்.

"மேடம், இதைக் கொஞ்சம் பிடிங்க. அதை இப்படிக் குடுங்க."

நான் அட்டைச் சாவியைக் கொடுத்தேன். நிஜச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

"எல்லாரும் சிரிங்க!" என்றார் புகைப்படக்காரர்.

அவர்கள் சிரித்தார்கள். நான் வாசலுக்கு நடந்தேன். பெயர் அட்டை மேசையில் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். சொன்னேனே, நல்ல பெண். வெளியே நின்ற முதல் வாடகைக் காரில் ஏறி, எல்லைக்கு ஓட்டச் சொன்னேன்.

போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. தம்பி லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி அதால் விசிறிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கீழே புல்லில் எதையோ ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தான். என்ன என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. துணி சின்னதுதான், அந்த மட்டில் தெம்பாக இருந்தது.

காவல்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயாவே குடுத்தாரா?"

"அவர் கையாலதான் குடுத்தார்."

"அதிசயமா இருக்கே! கேட்டைத் திறக்கச் சொன்னாரா?"

"மேடையில வச்சு எல்லார் முன்னாடியும் அறிவிச்சாங்க. கை தட்டினாங்க."

"போன்ல கை தட்டறது கேட்டுச்சுன்னு சொன்னீங்களே, நிஜமாவே கேட்டீங்களா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"கேட்டேன்" என்றான் தம்பி. "கை தட்டினப்பவே எனக்குத் தெரியும், இன்னைக்கு திறக்காதுன்னு."

காவல்காரர் சிரித்துவிட்டார். பூட்டு ஒரே திருப்பில் திறந்துகொண்டது. தம்பி ஓடிப்போய் வண்டியில் ஏறினான். லாரி நகர்ந்து வேகமெடுத்ததும் பெட்டித் துளைகளில் காற்று புகுந்தது, பின்னாலிருந்து கீச்சென்று சத்தம் கிளம்பியது. நான் சாலையோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்குப் பின்னால் நின்ற மற்ற லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டின. எல்லாம் போன பிறகு காவல்காரர் சாவியை நீட்டினார். உங்களிடமே இருக்கட்டும், ஐயா வந்து கேட்டால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐயா வரவில்லை. அந்த மாதச் சாதனைச் சுடரில் அட்டையிலேயே அவர் படம், கையில் தங்கச் சாவி. 'தன் சாவியையே பிறர் கையில் ஒப்படைத்து, பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது எப்படி என்று உலகுக்குக் காட்டியவர்' என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தச் சாவியைத் தூக்கிக்கொண்டு அவர் மாநாடு மாநாடாகப் போய்க்கொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. அவருடைய கணக்குக்கும் பங்கமில்லை. கதவு திறந்த நேரத்திலிருந்துதான் காத்திருப்பைக் கணக்குப் போட வேண்டும் என்பது விதி. மூடவே இல்லையென்றால் திறந்த நேரம் ஏது? ஆகவே காத்திருப்பு அப்போதும் ஒன்றுமில்லைதான்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேலையும் நிலைத்தது. முதலாளி என்னைப் பார்த்து, "பரவாயில்லையே, உன் படிப்பு வீணாகலை" என்றார்.

சில மாதம் கழித்து ஒருநாள் கைக்குட்டைக்காரரே எனக்கு போன் செய்தார். குரலைக் கேட்டதும் நிஜச் சாவியைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், அந்தச் சாவி விஷயமா..."

"சொல்லுங்கய்யா" என்றேன்.

"தங்கக் காகிதம் உரிஞ்சுபோச்சு. அட்டையும் மடங்கிடுச்சு. அடுத்த வாரம் 'திறந்த எல்லைகள்'னு பேசப் போறேன். அதை எங்க செஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு மூச்சு வந்தது.

"நானே செஞ்சு அனுப்பறேங்கய்யா."

"இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்கும்."

எங்களிடம் அட்டைக்கா பஞ்சம்? குஞ்சுப்பெட்டி அட்டையில் ஆள் உயரத்துக்கு ஒன்று வெட்டி, காகிதம் ஒட்டி அனுப்பினேன். அவசரத்தில் காற்றுத் துளைகளை அடைக்க மறந்துவிட்டேன். கேட்பார்களோ என்று கொஞ்சம் பயந்தேன். அடுத்த சாதனைச் சுடரில் அதற்கும் விளக்கம் வந்துவிட்டது. அந்தத் துளைகள் அவருடைய ஒளிவுமறைவற்ற நிர்வாகத்தின் அடையாளமாம்.

பத்திரிகை வந்த வாரமே அந்தப் பெண் போன் செய்தாள்.

"மேடம், இந்த மாசம் உங்க சாதனை?"

"குஞ்சு அனுப்பினேன்மா. எல்லாம் உயிரோட போய்ச் சேர்ந்துச்சு."

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நிஜமாவே எல்லாமுமா மேடம்?"

"எல்லாமும்தாம்மா."

"சரிங்க மேடம்" என்றாள். "இதுக்கு மெஷின்ல இடமில்லை. நான் கையால எழுதி வச்சுக்கறேன்."